ஏதாச்சும் புதுசு இருக்குங்களா?

ஈரோட்டில் மஞ்சள் ஏல விலையை இணையத்தில் காட்டும் கம்பெனி ஒன்று. ஏலம் சூடுபிடித்தாலே அதன் சர்வர் படுத்துவிடும். மேனேஜர் தண்டபாணி, ஒப்பந்த வேலைக்கு வந்த பூங்கோதையைப் பிடித்துக்கொண்டார்.

"புது சர்வர் கிடையாது. நாளைக்குள்ள சரி பண்ணு, இல்லைன்னா வீட்டுக்குப் போ!"

"ஒவ்வொரு வியாபாரியோட பிரவுசரும் விநாடிக்கு ஒருதரம் 'புது விலை இருக்கா'ன்னு கேக்குதுங்க சார். அதான் திணறுது."

"கேட்டா என்ன? பதில் சொல்றதுதானே அதோட வேலை!"

மறுநாள் காலை பூங்கோதை அவர் அறைக் கதவைத் தட்டினாள். "ஏதாச்சும் புதுசு இருக்குங்களா சார்?"

"இல்லை."

அவள் நகர்வதற்குள் அடுத்தவர் தட்டினார். அதே கேள்வி. பிறகு இன்னொருவர். ஆபீஸே வரிசையில் நின்றது. கேட்டு முடித்தவர்கள் மறுபடியும் கடைசியில் போய் நின்றார்கள்.

தண்டபாணி மேஜையில் ஓங்கி அடித்தார். "புதுசா இருந்தா நானே கூப்பிட்டுச் சொல்ல மாட்டேனா? போய் அவங்கவங்க சீட்ல உக்காருங்க!"

"இதையேதாங்க சார் சர்வருக்கும் எழுதி வெச்சிருக்கேன். பிரவுசர் ஒருதரம் கேட்டுட்டுக் காத்திருக்கும். விலை மாறினா சர்வரே சொல்லும்."

பத்து மணிக்கு ஏலம் தொடங்கியது. சர்வர் படுக்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போனது மேனேஜர்தான், தலைவலி என்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டு.