ஏரிக்கரைக் கல்லில் ஏறிய பெயர்

முன்னொரு காலத்தில் குன்றங்கோட்டைச் சீமையை வீரமல்லன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். தன் ஆட்சியில் நடந்த பெரிய காரியங்களை எல்லாம் கல்லில் வெட்டி ஏரிக்கரையில் நட வேண்டும் என்று அவனுக்கு ஓர் ஆசை வந்தது.

அவற்றில் தலையாய காரியம், போன வருஷத்து வெள்ளம். கரை உடையப் போகிற நேரத்தில் ஒருவன் ஏரிக்குள் முங்கி, மடைக்கல்லைத் தூக்கினான். தண்ணீர் வடிந்து ஊர் பிழைத்தது. அவனை மடை இழுத்துக்கொண்டது. அவன் மனைவி பூவாயிக்கு வாய்க்காலில் உடம்புதான் கிடைத்தது.

கல்லிலோ, "மடை திறந்து ஊரைக் காத்தவர் அவைப் பெரியவர் சோமநாயகர்" என்றிருந்தது! அதை வாசிக்கக் கேட்டாள் பூவாயி. ஓர் உயிரை விழுங்கியது ஏரி. அவன் பேரையும் விழுங்கப் பார்த்தான் இந்தப் பாவி.

கல் நடும் நாளில் அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"தாலியறுத்தவள் நல்ல காரியத்தில் முன்னே வரலாமா?" என்று சீறினார் சோமநாயகர்.

"உங்களை வணங்கத்தான் வந்தேன் சாமி" என்றாள் பூவாயி. "மகாராஜா, வெள்ளத்திலே மடை திறந்தவர்தான் மறுவருஷத்து முதல் தண்ணியையும் திறந்து விடணும். இது எங்க ஊர் வழக்கம். ஏரி நிறைஞ்சு கிடக்கு, நாத்து காத்துக் கிடக்கு. பெரியவரை இறங்கச் சொல்லுங்க."

ஊரார் ஆமாம் என்றார்கள். ராஜாவுக்கும் உற்சாகம். "இறங்கும், சோமநாயகரே!"

"இன்று அஷ்டமி, பிரபு... என் ஆளை அனுப்புகிறேன்."

"அன்னைக்கும் ஆளைத்தான் அனுப்புனீங்களா சாமி?"

ராஜா சோமநாயகரை முறைத்தான். வேறு வழியில்லாமல் சோமநாயகர் இறங்கினார். தண்ணீர் இடுப்பைத் தொட்டதும், "ஐயோ, எனக்கு நீச்சல் தெரியாது!" என்று அலறிவிட்டார். "மடை திறந்தது என் புருஷன், மகாராஜா. அந்த மடையே அவரை இழுத்துக்கிட்டுது" என்றாள் பூவாயி.

"செத்தவன் பேரைத் திருடினாயா?" என்று கொதித்தான் ராஜா. "உளியை எடு. உன் பேரை நீயே செதுக்கி அழி!" அழித்து முடியும்வரை ஊரே நின்று பார்த்தது. அன்றோடு சோமநாயகருக்கு அவையில் இடமில்லை.

பிறகு ராஜா திரும்பி, "அம்மா, உன் புருஷன் பேர் என்ன?" என்றான்.

பூவாயிக்குக் கண்ணீரும் கோபமும் சேர்ந்து வந்தன.

"அவரு உசுரைக் கொடுத்துக் காப்பாத்துன ஊர்ச் சோத்தை ஒரு வருஷமா சாப்பிடுறீங்க. இன்னைக்குத்தான் பேரைக் கேக்கத் தோணுச்சா மகாராஜா?"

வாளில் கை வைத்தான் காவலன். ராஜா அவனைத் தடுத்தான். ராஜாவின் தலை தாழ்ந்திருந்தது.

"வெள்ளையன்" என்றாள் பூவாயி.

அந்தப் பெயரைக் கல்லின் உச்சியில் வெட்டினார்கள். ராஜாவின் பெயர் அதற்குக் கீழே, சின்ன எழுத்தில் இருந்தது. அப்படி வெட்டச் சொன்னவன் ராஜாவேதான்.