கோவின் சொல்

வெண்குன்றூர் அரசர் செங்கோடனுக்குத் தம்மை ‘நான்’ என்று சொல்லிக்கொள்ளப் பிடிக்காது. கோ என்றால் அரசன் என்று ஏதோ பழைய ஏட்டில் படித்த நாளிலிருந்து, “கோவுக்குப் பசிக்கிறது”, “கோ குளிக்கப் போகிறார்” என்றுதான் பேசுவார். அரண்மனையில் எல்லோருக்கும் அது பழகிவிட்டது.

அவருக்கு இன்னொரு பித்தும் உண்டு. சிறுமிகள் ஆடும் கோ-கோ. வருஷத்துக்கு ஒரு முறை பக்கத்து நாடான ஆலந்துறையோடு போட்டி நடக்கும். வெண்குன்றூர் அணியில் பன்னிரண்டு சிறுமிகள். களத்தில் இறங்குவது ஒன்பது பேர். எட்டுப் பேர் நடுக்கோட்டில் வரிசையாக உட்கார, ஒருத்தி எதிரணியைத் துரத்துவாள்; ஒருத்தியைத் தொட்டால் ஒரு புள்ளி. களைத்துப் போனால், உட்கார்ந்திருப்பவள் முதுகில் தட்டி ‘கோ’ என்பாள். இவள் எழுந்து ஓட, அவள் அந்த இடத்தில் உட்காருவாள்.

மூன்று வருஷமாக அதே ஒன்பது பேர்தான் ஆடினார்கள். மற்ற மூவரும் தினமும் விடியற்காலையில் வந்து பயிற்சி எடுப்பார்கள். போட்டியன்று தண்ணீர்க் குடத்தோடு ஓரமாக நிற்பார்கள். அந்த மூவரில் ஒருத்தி தையல்நாயகி. கோட்டைக் காவலர் வீரணனின் மகள். வயது பன்னிரண்டு.

இந்த வருஷம் போட்டிக்கு நான்கு நாள் இருக்கும்போது அவள் அப்பாவிடம், “நான் இனிமேல் போகலைப்பா” என்றாள்.

“ஏம்மா?”

“எனக்கு ஆட வருமா வராதான்னு எனக்கே தெரியலை.”

வீரணனுக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் சபைக்கே வந்து அரசர் முன் கைகட்டி நின்று விஷயத்தைச் சொன்னார். ஆட்ட ஆசான் மல்லையாவும் அங்கே இருந்தார்.

“நன்றாக ஆடுகிறவர்களைத்தானே இறக்க முடியும், அரசே?” என்றார் மல்லையா. “ஜெயிக்க வேண்டாமா?”

“இறக்கிப் பார்த்தால்தானே ஐயா, யார் நன்றாக ஆடுகிறார்கள் என்று தெரியும்?” என்றார் வீரணன்.

அரசருக்கு எரிச்சல் வந்தது. “போட்டி நேரத்தில் இது என்ன வழக்கு? அந்த மூன்று பேரும் பேசாமல் வரிசையில் உட்காரட்டும். கோவின் சொல் கேட்காமல் ஒருத்தியும் எழக்கூடாது.”

ஆணைகளை எழுதும் திருமேனி எழுத்தாணியை எடுத்தார். வாயில் வெற்றிலை, கண்ணில் எப்போதும் ஒரு சிரிப்பு. “வரிசையில் என்றா எழுதட்டும், அரசே?”

“வரிசையில்தான்.”

“கோவின் சொல் கேட்காமல்?”

“சொன்னதைச் சொன்னபடி எழுதும். ஓர் எழுத்து மாறக்கூடாது.”

திருமேனி ஓர் எழுத்தும் மாற்றவில்லை. முத்திரை வைத்து ஓலையைப் பத்திரமாக மடியில் முடிந்துகொண்டார்.

போட்டி நாள் வந்தது. அப்பா வற்புறுத்தியதால் தையல்நாயகியும் வந்து, வழக்கம்போல் குடத்தோடு ஓரமாக நின்றாள். முன்பாதியில் வழக்கமான ஒன்பது பேர் ஆடினார்கள். மூன்று வருஷமாகப் பார்த்த அதே ஓட்டம். எவள் எந்தப் பக்கம் பாய்வாள் என்பது ஆலந்துறைப் பெண்களுக்கு மனப்பாடம். பாதி ஆட்டம் முடியும்போது வெண்குன்றூர் நான்கு புள்ளி பின்தங்கியிருந்தது.

இடைவேளையில் திருமேனி ஓலையை மல்லையாவிடம் கொடுத்தார். மல்லையா படித்தார். மறுபடியும் படித்தார். “வரிசையிலா? களத்து வரிசையிலா?”

“நம் ஆட்டத்தில் வேறு எது வரிசை, ஆசானே? அரச முத்திரை இருக்கிறது, பாரும்.”

முத்திரையை மீற மல்லையாவுக்குத் தைரியம் இல்லை. களைத்திருந்த மூன்று பேரை வெளியே அனுப்பிவிட்டு, தையல்நாயகியையும் மற்ற இருவரையும் நடுக்கோட்டில் உட்காரவைத்தார். ஓரத்து வரிசையை நினைத்துச் சொன்ன அரசர் மேடையில் பாதி எழுந்து நின்றுவிட்டார்.

முதுகில் தட்டு விழுந்தது. ‘கோ’ என்றது ஒரு குரல். தையல்நாயகி எழுந்து பாய்ந்தாள். பதற்றத்தில் தப்பான பக்கம் திரும்பி, கால் இடறி, முட்டி தேய விழுந்தாள். ஆலந்துறைப் பக்கம் சிரிப்பு எழுந்தது. அவளுக்கு அழுகை வந்தது. ஆனால் அழ நேரமில்லை. இரண்டாவது முறை ‘கோ’ கேட்டபோது நிதானமாக எழுந்தாள். அவள் எப்படி ஓடுவாள் என்று எதிரணிக்குத் தெரியாது. நடுக்கோட்டின் முனையில் நட்டிருந்த கம்பத்தடியில் ஒருத்தியைத் தொட்டாள். சற்று நேரத்தில் இன்னொருத்தியையும் தொட்டாள். மற்ற இருவரும் ஆளுக்கு ஒருத்தியைப் பிடித்தார்கள். ஆட்டம் சமனில் முடிந்தது. மூன்று வருஷத்தில் வெண்குன்றூர் தோற்காத முதல் போட்டி அது.

ஆனாலும் அரசரின் முகம் இறுகியிருந்தது. “திருமேனி, கோவின் ஆணையை மீறியது யார்?”

“யாரும் மீறவில்லை, அரசே. மூவரும் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.”

“எழுந்து ஓடினார்களே. கோவின் சொல் கேட்காமல் எழக்கூடாது என்று கோ சொன்னாரே?”

“கேட்ட பிறகுதான் எழுந்தார்கள். ‘கோ’ என்ற சொல் மேடை வரைக்கும் கேட்டதே, அரசே.”

அரசர் தம் ஆணையை ஒருமுறை முணுமுணுத்துப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், “சரி, தோற்றிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்?” என்று கேட்டார்.

“சிறந்த ஒன்பது பேரை வைத்துக்கொண்டும் மூன்று வருஷம் தோற்றோமே, அரசே. இந்த முறை பன்னிரண்டு பேரும் ஆடித் தோற்றோம் என்று சொல்லியிருப்பேன்.”

அரசர் தம் தோளில் கிடந்த சால்வையை எடுத்துத் திருமேனிக்குப் போர்த்தினார். இனி எந்தப் போட்டியிலும் பன்னிரண்டு பேரும் ஆளுக்குப் பாதி ஆட்டமாவது ஆட வேண்டும் என்று அங்கேயே ஆணையிட்டார். இந்த முறை திருமேனி எழுதியதை ஒருமுறைக்கு இருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் விடியலில் மல்லையா களத்துக்கு வந்தபோது, தையல்நாயகி அவருக்கு முன்பே வந்து நின்றிருந்தாள்.

“முட்டி வலிக்கலையா?”

“வலிக்குது ஆசானே. அடுத்த போட்டியில நான் எந்தக் கட்டத்துல உட்காரணும்?”

மல்லையா களத்தின் நடுக்கோட்டை ஒருமுறை பார்த்தார். “அதை ஏன் இப்பவே கேட்கிறே? முதல்ல எந்தப் பக்கம் திரும்பணும்னு கத்துக்கோ. வா, நான் ஓடறேன், நீ பிடி” என்று சொல்லி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட ஆரம்பித்தார்.