சாமிக்கு அரிசி போடு

நொய்யல் கரையில் ஒரு சின்ன மடம். அங்கே சேருகிறவர்கள் உடுத்தி வந்த துணியையும் வீட்டில் வைத்த பெயரையும் ஆற்றோடு விட்டுவிட வேண்டும் என்பது வழக்கம். இருபது வருஷத்துக்கு முன்னால் வெள்ளிங்கிரி அப்படித்தான் நித்தியலிங்கம் ஆனான். தலையை மழித்து, காவி கட்டி, வீட்டுப் பக்கமே போகாமல் இருந்தான். அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஒரு நாள் அவன் அக்கா பாவாத்தாள் ஆள் அனுப்பினாள். அம்மாவுக்குப் பக்கவாதம். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தும் புத்தி தடுமாறிக் கிடக்கிறாள். 'வெள்ளிங்கிரியக் கூப்பிடு' என்று ஓயாமல் அரற்றுகிறாள்.

"போய்ப் பாத்துட்டு வா" என்றார் குரு.

போனவன் சாயங்காலம் திரும்பினான். முகம் செத்துப்போயிருந்தது.

"அம்மா என்ன சொன்னாங்க?"

"என்னையப் பாத்ததும் அக்காவக் கூப்பிட்டு, 'வாசல்ல சாமி நிக்குது பாரு, அரிசி போடு'ன்னாங்க."

"அப்புறம்?"

"'ஏனுங் சாமி, நாலு ஊரு சுத்துறீங்களே, எம் பையன் வெள்ளிங்கிரியக் கண்டீங்களா'ன்னு கேட்டாங்க. நாந்தாம்மா அதுன்னேன். கையத் தட்டிவுட்டுட்டாங்க. எம் பையன் பேரச் சொல்லி ஏமாத்தாதீங்கன்னு அழுதாங்க. அப்புறம் செவுத்துல கோழி மேயுது, ஓட்டு ஓட்டுன்னாங்க."

அவன் காவியின் முனையைப் பிடித்துக் காட்டினான்.

"இந்தக் காவிதான் அய்யா குறுக்க நிக்குது. ஒரே ஒருக்கா சட்டை போட்டுக்கிட்டுப் போகட்டுங்களா? கட்டினத அவுக்கறது தப்புன்னு தெரியும். ஆனா அவங்க போறதுக்குள்ள என்னைய மகன்னு ஒருக்காக் கூப்பிடணும்."

மடத்தில் அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. குரு எழுந்து பின்பக்கம் போனார். கொடியில் காய்ந்துகொண்டிருந்த சமையற்காரரின் சட்டையையும் வேட்டியையும் எடுத்துக்கொண்டு வந்தார்.

"சட்டை கொஞ்சம் தொளதொளன்னு இருக்கும்" என்றார்.

மறுநாள் காலையில் அதைப் போட்டுக்கொண்டு போனான். மொட்டைத் தலை தெரியாமல் ஒரு துண்டையும் சுற்றிக்கொண்டான். வெயில் ஏறுவதற்குள் திரும்பி வந்துவிட்டான். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

"திருடன் திருடன்னு கத்திட்டாங்க அய்யா. வராத கால இழுத்துக்கிட்டுக் கட்டில்லருந்து எறங்கப் பாத்தாங்க. 'நேத்து வந்த சாமி எங்க? அந்தச் சாமியக் கூப்பிடு, அவரு எம் பையனத் தேடித் தருவாரு'ன்னு ஒரே அழுகை."

"அக்கா என்ன சொன்னாங்க?"

அவன் தலையில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்தான்.

"நேத்து நான் கெளம்பின கொஞ்ச நேரத்துல அம்மாவுக்குத் தெளிஞ்சிருக்கு. 'வெள்ளிங்கிரி வந்துட்டுப் போனானா? மொட்டத் தலையோட பனியில போறானே, ஒரு துண்டு குடுத்து வுட்டியா'ன்னு கேட்டாங்களாம். ரெண்டு வாய் கஞ்சி குடிச்சாங்களாம். வெளக்கு வெக்கறதுக்குள்ள மறுபடி கலங்கிப்போச்சு."

குரு தலையைக் குனிந்துகொண்டார்.

"அந்த நேரத்துல நான் இங்க நின்னு உங்ககிட்டச் சட்டை கேட்டுக்கிட்டிருந்தேன் அய்யா."

இருபது வருஷமாக அழாத மனிதன். மடத்து முற்றத்தில் சமையற்காரரின் சட்டையோடு நின்று குலுங்கிக் குலுங்கி அழுதான். குரு தடுக்கவில்லை. சமையற்காரர் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அழுகை அடங்கியதும் கேட்டான். "மறுபடியும் தெளியுங்களா அய்யா?"

"டாக்டர் என்ன சொல்றாரு?"

"தெளியலாம், தெளியாமயும் போகலாம், எப்பன்னு சொல்ல முடியாதுங்கறாரு."

"எனக்கும் தெரியல" என்றார் குரு.

 

அவன் உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்தான். காவியைக் கட்டிக்கொண்டு வந்து தூணில் சாய்ந்து உட்கார்ந்தான். கால்கள் அலுத்துப்போயிருந்தன. இனி எதற்குப் போக வேண்டும் என்றும் இருந்தது.

"போனா அதையேதான் கேப்பாங்க. எம் பையனக் கண்டீங்களா சாமின்னு. நாந்தான்னு சொன்னா அழுவாங்க. காணலைன்னாலும் அழுவாங்க. நான் என்னங்க சொல்றது?"

"வந்துக்கிட்டிருக்கான்னு சொல்லு."

"அது பொய்யில்லீங்களா?"

குரு வாசல் பக்கம் பார்த்தார்.

"நீ இங்கயே உக்காந்திருந்தாப் பொய்தான்" என்றார்.