வேப்பமரத்து ராக்கெட்

மரக்கால்பேட்டையில் நெல் வியாபாரம் தெரியாதவர் எவருமிலர். வேறேதும் தெரிந்தவரும் எவருமிலர். அவ்வூர்ப் பள்ளியின் விண்வெளி மன்றத்தில் இசக்கிராஜ், பூதத்தான், உலகம்மாள் என மூன்று மாணவர்கள் இருந்தனர். தண்ணீர் ராக்கெட் போட்டியில் வெல்லும் மன்றத்தை, நிஜ ராக்கெட் ஏவப்படுவதைக் காட்டப் பேருந்தில் அழைத்துச் செல்வார்கள் என்று அறிவிப்பு வந்தது. அன்றுமுதல் உலகம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த நெருப்பை அவள் கண்ணால் பார்த்தே ஆகவேண்டும்.

“பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, மீதி இடத்தில் நல்ல காற்றாக அடையுங்கள்” என்றார் அறிவியல் ஆசிரியர் ஞானசிகாமணி.

தெருக்காற்று லாரிப்புகை பட்டது என்று தள்ளப்பட்டது. மூவரும் குளக்கரைக்குச் சென்று, கோணிச்சாக்கு நிறையக் காற்றைப் பிடித்து, வாயை இறுகத் தைத்துத் தலைச்சுமையாகக் கொண்டுவந்தனர்.

“ரொம்ப லேசா இருக்கேலே?” என்றாள் உலகம்மாள்.

“ஈரம் காஞ்சா எடை குறையத்தாம்ட்டி செய்யும்” என்றான் பூதத்தான். அவன் தகப்பனார் நெல் தரகர்.

இசக்கிராஜ் நெல் அளக்கும் மரக்காலை எடுத்துக் காற்றை அளக்கலானான்.

“குவிச்சு அளலே! தலைதட்டி அளந்தா பாதி வானத்துல நின்னுரும்” என்று அதட்டினான் பூதத்தான்.

ஆசிரியர் மரக்காலை வாங்கி ஓரமாக வைத்தார். பிறகு சைக்கிள் பம்பை எடுத்துவந்து தாமே காற்றடித்தார்.

போட்டி நாள் வந்தது. “பத்திலிருந்து இறங்குமுகமாக எண்ணுங்கள். பூச்சியம் வந்ததும் ராக்கெட்டை ஏவும் கயிற்றை இழுங்கள்” என்றார் நடுவர்.

இசக்கிராஜ் முகம் கறுத்தது. “குறைச்சு எண்ணுனா நெல்லு அம்பாரம் குறையும் ஸார். எங்க களத்துல அப்படி எண்ணுனவனை அடிச்சே வெரட்டுவாவ.”

ஆகவே அவன் நெல் அளக்கும் முறைப்படி, ஒன்று என்பதற்குப் பதில் ‘லாபம்’ என்று தொடங்கி, ஏறுமுகமாக எண்ணினான். கயிறு உலகம்மாள் கையில் இருந்தது. பத்து வந்தது.

“பத்துல ஒரு பூச்சியம் இருக்குலே. இழுக்கவா?”

“அவசரப்படாதட்டி. நூறுல ரெண்டு இருக்கு” என்றான் பூதத்தான்.

“ஆயிரத்துல மூணு” என்றான் இசக்கிராஜ், எண்ணுவதை நிறுத்தாமலே.

மூவரும் ஆயிரம் என்று முடிவு செய்தனர். நடுவர் ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்தார். அறுநூறைத் தாண்டியபோது உலகம்மாளுக்குத் தூக்கம் வந்து தலை சாய, கையிலிருந்த கயிறும் உடன் இழுபட்டது. ராக்கெட் சீறிக் கிளம்பி, மற்றெல்லா ராக்கெட்டுகளையும்விட உயரப் போய், திரும்பும் வழியில் மைதானத்து வேப்பமரத்தின் உச்சிக்கிளையில் அமர்ந்துகொண்டது.

“முதற்பரிசு மரக்கால்பேட்டைக்கு!” என்று ஒலிபெருக்கி முழங்கியது. “உங்கள் ராக்கெட் கீழே வந்ததும் எடுத்துக்கொண்டு பேருந்தில் ஏறுங்கள்.”

மூவரும் மரத்தடியில் அண்ணாந்து நின்றனர். பேருந்து ஹாரன் அடித்தது. ஒருவரும் அசையவில்லை. மீண்டும் அடித்தது. ஞானசிகாமணி ஓடிவந்தார்.

“ஏறுங்கலே, வண்டி கிளம்புது!”

“அது இன்னும் கீழ வரலியே ஸார்” என்றாள் உலகம்மாள், கண்ணில் நீர் முட்ட.

அப்போது ஒரு காற்று எழுந்தது. உச்சிக்கிளை ஆடியது, ராக்கெட் ஒருபுறமாகச் சரிந்தது. உலகம்மாள் இரு கையையும் ஏந்தினாள். அதைக் கண்ட பூதத்தான் பதறிப்போய் மடமடவென்று மரத்தில் ஏறினான். ஆசிரியர் ‘அப்பாடா’ என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

பூதத்தான் வெறுங்கையோடு இறங்கிவந்தான்.

“பயப்படாதீய ஸார். விழப் பாத்துச்சு. இடுப்புல இருந்த கயித்தைப் போட்டு கிளையோட நல்லா இறுக்கிக் கட்டிட்டேன். இனி அதுவா எப்ப கீழ வருதோ, அப்ப கிளம்பிரலாம்.”