சுமைதாங்கிக்கு வேலி போட்டவர்

எல்லாரும் வந்தாயிற்றா? அப்படியே உட்காருங்கள். ஒரு தரம்தான் சொல்வேன்.

ராஜாக்கள் குதிரையில் போன காலம். மற்றவர்களெல்லாம் நடந்த காலம். கடற்கரையில் உப்பளம், உள்நாட்டில் சந்தை, நடுவில் நீளமாய் ஒரு சாலை. அந்தச் சாலையோரத்தில் தாண்டவராயர் என்ற நிலக்காரருக்கு ஒரு புளியந்தோப்பு இருந்தது. பாட்டன் வழிச் சொத்து. அதில் வில்லங்கம் எதுவும் கிடையாது.

சாலையை விட்டு இறங்கி, ஒரு சிறு வாய்க்காலைத் தாண்டினால் தோப்பு. தோப்புக்குள் நுழைந்ததும் ஒரு சுமைதாங்கி. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு பலகைக் கல். தோள் உயரம். தலைச்சுமையோடு வருகிறவர் யார் தயவும் இல்லாமல் சுமையை அதில் சரித்து வைக்கலாம். மூச்சு வாங்கலாம். மறுபடி தலையைக் கொடுத்து ஏற்றிக்கொண்டு போகலாம். தரையில் இறக்கினால் அவ்வளவுதான். தூக்கிவிட இன்னொரு ஆள் வர வேண்டும். சுமந்து பார்த்தவனுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது.

அந்தக் கல் சும்மா வந்ததில்லை. தாண்டவராயரின் மனைவி அழகம்மை வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோனாள். அப்படிப் போனவள் அந்தப் பாரத்தை மறு உலகத்திலும் சுமந்துகொண்டே நிற்பாள் என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். அதனால் அவள் பெயரில் சுமைதாங்கி நடுவார்கள். வழியில் போகிறவர் சுமையை இறக்கும்போதெல்லாம் அவள் பாரமும் கொஞ்சம் இறங்கும் என்று கணக்கு. தாண்டவராயரும் நட்டார். ஊரைக் கூட்டி, மேளம் கொட்டி, "இது வழிப்போக்கருக்கு" என்று வாயால் சொல்லி நட்டார். சுமையை இறக்குகிறவர்கள், "அழகம்மா, உன் பாரமும் இறங்கட்டும்" என்பார்கள். அது வழக்கமாகிவிட்டது.

வருஷங்கள் போயின. அவர் வேறு கல்யாணம் செய்யவில்லை. அந்தக் கல்தான் அவருக்கு எல்லாம். கழுவுவார், சந்தனம் பூசுவார், மாலை போடுவார். ஒரு நாள் வந்து பார்த்தால், சந்தனத்தின் மேல் மீன்கூடைத் தண்ணீர் வழிந்து கிடந்தது. மனிதருக்குத் தாங்கவில்லை. தோப்பைச் சுற்றி முள்வேலி போட்டார். ஒரு கதவு வைத்தார். பூட்டினார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

பாசம்தான். இல்லையென்று நான் சொல்லவில்லை. பாசத்தில் செய்தாலும் கிறுக்குத்தனம் கிறுக்குத்தனம்தான்.

முதலில் மீன்காரி கடலம்மை வந்தாள். "கூடையை எங்க ஐயா இறக்குறது? நாத்தம்தான் குத்தம்னா கழுவி விட்டுட்டுப் போறேன்."

"உன் வீட்டில் போய் இறக்கு. என் நிலம், என் கல், என் இஷ்டம்."

இரண்டாவதாக விறகுக்காரர் மூக்கன் வந்தார். "நாங்க ஒரு புளியம்பிஞ்சைத் தொட்டிருப்போமா? சொல்லுங்க பார்ப்போம்."

"தொடவில்லை. அதற்காக? என் நிலம், என் கல், என் இஷ்டம்."

மூன்றாவதாக உப்புக்காரி இருளாயி வந்தாள். பிள்ளைத்தாய்ச்சி. புருஷன் காலொடிந்து கிடந்தான். அவள் சுமந்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும். மருத்துவச்சி கண்டிப்பாய்ச் சொல்லியிருந்தாள்: "சுமக்கிறதானா நடுவுல இறக்கி வெச்சு, மூச்சு வாங்கிட்டுப் போ. ஒரே ஓட்டமாப் போனா பிள்ளை தங்காது." அந்தச் சாலையில் யாரையும் கேட்காமல் இறக்கி வைக்க இருந்தது இந்த ஒரு கல்தான்.

"ஐயா, என் வயித்தைப் பார்த்துச் சொல்லுங்க" என்றாள் இருளாயி.

தாண்டவராயர் பார்க்கவில்லை. மரத்தைப் பார்த்தார். குரல் மட்டும் வந்தது. "என் நிலம், என் கல், என் இஷ்டம்."

இருளாயி அழவில்லை. நேரே அரசியிடம் போனாள்.

அந்த நாட்டை ஆண்டவள் மங்கைநாச்சி. வாய் நிறைய வெற்றிலை, பேச்சு கொஞ்சம். எனக்குப் பிடித்த மனுஷி. குதிரையில் ஏறி உப்பளத்துக்கே வந்துவிட்டாள். தாண்டவராயரையும் அங்கே வரச் சொன்னாள். ஊரும் கூடிவிட்டது.

"நிலம் யாருடையது?" என்று கேட்டாள் அரசி.

"என்னுடையது, தாயே."

"கல்?"

"என்னுடையது."

"வேலி?"

"அதுவும்தான்."

"சரி. மூன்றும் உம்முடையதுதான். நான் மறுக்கவில்லை."

"போச்சுடா" என்றார் மூக்கன். இருளாயிக்கு முகம் விழுந்துவிட்டது.

"ஆனால் தீர்ப்பு இங்கே இல்லை" என்றாள் அரசி. "இருளாயியின் உப்புக்கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடவும். தரையில் இறக்கக் கூடாது. உமக்குச் சொந்தமான இடம் வந்ததும் இறக்கிக்கொள்ளும். இறக்குகிற இடத்தில் தீர்ப்பு."

"இவ்வளவுதானே?" என்றார் தாண்டவராயர். நடந்தார்.

உப்பு ஈரமாக இருக்கும். ஈர உப்பு கனக்கும். கொஞ்ச தூரத்திலேயே கழுத்து இறுகிவிட்டது. வழியில் செக்கடிச் சுவர் தோள் உயரத்துக்கு நின்றது. கூடையை அதன்மேல் சாய்க்கப் போனார். உள்ளேயிருந்து செக்குக்காரர் சத்தம் போட்டார். "யாருய்யா அது? என் சுவர், என் இடம், என் இஷ்டம்!" குரலில் சிரிப்பு இருந்தது.

அப்புறம் குயவர் சூளை. அதன் மேடு வாகாய் இருந்தது. குயவர் பெண்சாதி குறுக்கே வந்து நின்றாள். "நகருங்க ஐயா. எங்க சூளை, எங்க மேடு, எங்க இஷ்டம்."

பின்னாலேயே வந்த கடலம்மை சும்மா இருப்பாளா? "கழுத்து வலிக்குதா ஐயா? புளியமர நிழல்ல கொஞ்சம் நின்னுட்டுப் போங்களேன். அடடா, தோப்பு பூட்டிக் கெடக்குல்ல!"

மூன்றாவதாக அவருடைய வேலியே வந்தது. வாய்க்காலில் முழங்கால் வரை சேற்றில் இறங்கி ஏறினார். கதவு முன்னால் நின்றார். இரண்டு கையும் கூடையில். சாவி இடுப்பில். ஒரு கையை எடுத்தால் கூடை சரிகிறது. குனியவும் வழியில்லை. கூடையிலிருந்து உப்புத்தண்ணீர் ஒழுகிக் கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கக் கை இல்லை.

வேலி எதுவும் பேசவில்லை. பேசாமலே அதே பதிலைச் சொன்னது.

"யாராவது திறந்துவிடுங்களேன்!" என்று கத்தினார்.

"பூட்டியது யார்?" என்றாள் அரசி, வெற்றிலையை மென்றுகொண்டே.

யாரும் நகரவில்லை. இருளாயிதான் முன்னால் வந்தாள். "மூக்கண்ணே, அவர் இடுப்புல சாவி இருக்கு. எடுத்துத் திறந்து விடுங்க. கழுத்து ஒடிஞ்சிரும்."

"ஒடியட்டுமே. உனக்கென்ன?"

"சும்மா இருங்கண்ணே. சுமந்தவ சொல்றேன்."

மூக்கன் முணுமுணுத்துக்கொண்டே திறந்தார். தாண்டவராயர் தள்ளாடி உள்ளே போய்க் கூடையைக் கல்லின்மேல் சரித்தார். காலையில் பூசிய சந்தனத்தின் மேல் உப்புத்தண்ணீர் வழிந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. நெஞ்சு நிறைய மூச்சு விட்டார். வாய் தானாகவே திறந்தது.

"அழகம்மா, உன் பாரமும்..."

பலகைக் கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு யாரிடமும் இல்லாமல் சொன்னார். "வேலி போட்ட நாளிலிருந்து அவளுக்காக இதை ஒருத்தரும் சொல்லவில்லையே. நான்தானே அவளைச் சுமக்க வைத்தேன்."

கடலம்மை கேலியை விட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொள்ள அவரிடம் ஒரு துணியை நீட்டினாள்.

அரசி வெற்றிலையைத் துப்பிவிட்டுத் தீர்ப்பு சொன்னாள். "புளி உம்முடையது. பறிக்க வருகிறவனை விரட்டும். நிழலில் வந்து கூத்தடிக்கிறவனையும் விரட்டும். மரங்களைச் சுற்றி வேலி இருக்கட்டும். ஆனால் ஊரைக் கூட்டி வழிப்போக்கருக்கு என்று கொடுத்ததை அப்புறம் பூட்ட உமக்கு அதிகாரம் இல்லை. சுமையோடு எதிரெதிரே வரும் இருவர் உரசாமல் போகிற அகலத்துக்கு வழி விடும். இந்த நாட்டில் எல்லாத் தோப்புக்கும் இனி இதுதான் சட்டம்."

தாண்டவராயர் தலையை ஆட்டினார். அன்றே கல்லுக்கு முன்னாலிருந்த முள்ளையெல்லாம் வெட்டி எறிந்தார். கதவைக் கழற்றி வாய்க்காலுக்குக் குறுக்கே போட்டார், சேற்றில் இறங்காமல் வர ஒரு பாலமாக. அது அரசி சொல்லாதது. கடலம்மையும் மறுநாள் முதல் கல்லின்மேல் ஒரு வாழையிலையை விரித்துவிட்டுத்தான் கூடையை வைத்தாள். அதையும் யாரும் சொல்லவில்லை.

இருளாயிக்குச் சுகமாகப் பெண் குழந்தை பிறந்தது. உடம்பு தேறியதும் பழையபடி உப்போடு வந்தாள். கூடையைக் கல்லில் சரித்து, வழக்கம்போல வாய்க்குள் முணுமுணுத்தாள்.

மரத்தடியிலிருந்து தாண்டவராயரின் குரல் வந்தது. "சத்தமாய்ச் சொல்லு, பெண்ணே. அவளுக்குக் கேட்க வேண்டாமா?"

கதை இவ்வளவுதான். நீதியைக் கேட்டுக்கொண்டு எழுந்திருங்கள்.

தன் இடத்துக்குள் பிறர் வரக் கூடாது என்று சொல்ல எவருக்கும் உரிமை உண்டு, ஆனால் பிறருக்கென்று கொடுத்துவிட்ட வழியை, அவர்கள் பிழைக்க வேண்டிய வழியை, அடைக்க எவருக்கும் உரிமை இல்லை.