ஒரு வரி வேலை

“யார் வேணும்னாலும் பார்க்கலாம், திருத்தலாம்னு என் மென்பொருளோட நிரலைத் திறந்து வச்சிருக்கேன்மா. ஒருத்தனும் எட்டிப் பார்க்க மாட்டேங்கான்” என்றார் சூசைராயன்.

ஜமீலா கேட்டுக்கொண்டிருந்தாள்.

யோசனை கேட்க அவர் தேடி வந்த குரு இவள்தான். குரு என்றதும் தாடியைத் தேட வேண்டாம். ஜமீலாவுக்கு முப்பது வயது, மதுரைக்காரி. நூலகங்களுக்கான இலவச மென்பொருள் ஒன்றை நடத்துகிறாள். முகம் தெரியாத எத்தனையோ பேர் அதற்கு நிரல் எழுதி அனுப்புகிறார்கள்.

சூசைராயனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. தூத்துக்குடியில் நாட்டுப்படகுக்காரர்களின் போனுக்குக் காற்று எச்சரிக்கை அனுப்பும் மென்பொருளை ஒற்றை ஆளாக எழுதியவர். இப்போது பார்வை மங்கி வருகிறது. மருத்துவர் கையை விரித்துவிட்டார். வேறு ஆள் வராவிட்டால் எச்சரிக்கையும் அவரோடு நின்றுவிடும். அந்தப் பயம்தான் அவரை மதுரைக்கு பஸ் ஏற்றியது.

“எங்க மென்பொருளைப் பாருங்கண்ணே. ஏதாவது குறை தெரியுதா?”

திரையில் முட்டாத குறையாக முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

“புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கிற தேதி வெள்ளிக்கிழமையில விழுது. அன்னைக்கு நூலகம் லீவுல்லா?”

“ஆமா.”

“ஒரு வரி வேலை.”

“செய்ங்க.”

செய்து அனுப்பினார். சாயங்காலத்துக்குள் திருச்சியிலிருந்து யாரோ பார்த்துவிட்டு, ‘நன்றி ஐயா, அரசு விடுமுறைகளையும் சேர்க்க முடியுமா?’ என்று எழுதினார். அதையும் செய்தார். பங்களித்தவர்கள் பட்டியலில் சூசைராயன் பெயர் ஏறியது. மனிதருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதைப் படம் பிடித்து மனைவிக்கு அனுப்பினார்.

பிறகுதான் சந்தேகம் வந்தது.

“இந்தக் குறை உனக்குத் தெரியாதாம்மா?”

“பொங்கல்ல இருந்தே தெரியும்.”

“பிறகு ஏன் விட்டு வச்சே?”

“உங்க மென்பொருள்ல இப்படி எத்தனை கிடக்குண்ணே?”

“ஒண்ணுகூடக் கிடையாது. யாராவது சொன்னா அன்னைக்கே சரி பண்ணிருவேன்” என்றார். குரலில் பெருமை இருந்தது.

“யாருமே வந்ததில்லையா?”

“ஈரோட்டுப் பொண்ணு ஒண்ணு வந்துச்சு. ஒரு பிழையைச் சொல்லி, நான் திருத்தித் தரட்டுமான்னு கேட்டுச்சு. அதுக்கு எதுக்குச் சிரமம்னு நானே பத்து நிமிஷத்துல முடிச்சிட்டேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் வரல.”

சொன்னவர் திரையில் இருந்த தன் பெயரை இன்னொரு தரம் பார்த்தார். ஜமீலா டீ போட எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் தூத்துக்குடிக்குத் திரும்பியதும் படகுக்காரர் ஒருவர் போன் செய்தார். எச்சரிக்கை ஒழுங்காக வருகிறதாம். போன் திரையில் மேலே இருக்கும் மென்பொருளின் பெயர் மட்டும் பாதி வெட்டுப்பட்டுத் தெரிகிறதாம்.

சூசைராயன் கணினியைத் திறந்தார். பிழை எங்கே என்று பார்த்ததுமே பிடிபட்டது. அது எந்த இடத்தில் இருக்கிறது, என்ன செய்தால் சரியாகும் என்று எல்லாருக்கும் தெரியும்படி பொதுப்பக்கத்தில் விவரமாக எழுதினார். ‘இதைத் திருத்தும் வேலையைப் புதிதாக வருபவர்கள் எடுத்துக்கொள்ளலாம்’ என்று கீழே சேர்த்தார்.

விரல்கள் பரபரத்தன.

கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.