தரையில் வைக்காத குடம்

திருப்பூர்ச் சீமையில், ஒரு சலவைப் பட்டறையில் ஈரத்துணி சுமந்து வயிறு கழுவியவர் மாராத்தாள் அம்மையார். செவ்வாய்தோறும் வேலைக்குப் போகுமுன் கிளிக்குன்றின் அடிவாரக் கிணற்றில் நீர் இறைத்து, மலைமேல் இருக்கும் முருகனின் அபிடேகத்துக்கு ஒரு குடம் சுமப்பார். தூக்கிய குடத்தைச் சந்நிதி சேரும்வரை தரையில் வைக்கலாகாது என்பது அந்த மலையின் வழக்கம். அம்மையார் எங்கும் நில்லாமல் ஏறிவிடுவார்.

அவருக்கும் சோதனை வந்தது, கேளுங்கள் கண்ணுகளா. ஒருநாள் பட்டறையில் துணி வெளுக்க வைத்திருந்த குளோரின் சிலிண்டர் கசிந்தது. வெளியே ஓடிவந்துவிட்ட அம்மையார், கூட வேலைசெய்யும் சரசாள் உள்ளே விழுந்துகிடப்பதை அறிந்து, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பப் போனார். இழுத்துவந்து காப்பாற்றினார். அந்த நச்சுக்காற்றில் அவருடைய நெஞ்சுதான் வெந்துபோயிற்று. நாலு எட்டு வைத்தால் இளைப்பு வந்தது. “நுரையீரல்ல விழுந்த தழும்பும்மா, இனி இப்படித்தான்” என்றுவிட்டார் வைத்தியர். வீட்டிலிருந்தபடி பனியன் பிசிறு வெட்டிப் பிழைத்தார்.

ஆனால் செவ்வாய்க்கிழமைக் குடத்தை விடவில்லை. இளைத்த இடத்தில் படியில் உட்கார்ந்து குடத்தை மடியில் ஏந்திக்கொள்வார். மடி தரையாகாதல்லவா? போய்ச் சேர்வதற்குள் உச்சிப்பொழுதாகிவிடும், பூசை முடிந்திருக்கும். அவர் கொண்டுபோன நீரை வாசல் கடம்பமரத்துக்கு ஊற்றுவார்கள்.

“ஏனுங்கக்கா, மேல கொழாயத் தெறந்தாக் கொட்டுது. இந்தக் கொடத்த நம்பியா சாமி குளிக்காம உக்காந்திருக்குது?” என்று சிரிப்பான் அடிவாரத்துத் தேங்காய்க்கடைச் செங்கோடன்.

“நானும் அவன நம்பித்தான உக்காந்திருக்கறேன், கண்ணு” என்பார் அம்மையார்.

ஆடிக் கிருத்திகையும் ஒரு செவ்வாயில் வந்தது. அன்று கடைசி வளைவில் அம்மையாருக்கு மூச்சு அடைத்தது; குடத்தை மடியில் ஏந்திப் படியில் உட்கார்ந்துவிட்டார். கூட வந்த சரசாள் அழுதாள்.

“கீழ வெச்சுருங்கக்கா. முருகன் கோவிச்சுக்கமாட்டான்.”

“அவன் கோவிச்சுக்கமாட்டான் புள்ள. வெச்சுட்டன்னா நான் எந்திரிக்கமாட்டேன்.”

மேலே குழாய்நீரில் அபிடேகம் முடித்து, பூசாரியார் சந்தனக்காப்புச் சாத்திக்கொண்டிருந்தார். சாத்தச் சாத்த வழிந்தது. துடைத்துவிட்டு மறுபடியும் சாத்தினார், வழிந்தது. மனம் கலங்கித் திரையை விலக்கி வெளியே வந்தார்.

“ஆரோட தண்ணியாவது பாக்கி இருக்குதா?”

கூட்டத்தில் ஒருவர், “மாராத்தாக்கா வளைவுல உக்காந்திருக்குதுங்க” என்றார்.

பூசாரியார் படியிறங்கி ஓடினார். “அம்மணி, மெதுவா வாங்க. நீங்க வராம உள்ள சாமி குளிச்சு முடிக்காதாட்ட இருக்குது.”

கூட்டம் முழுதும் வழிவிட்டு நின்றது. அம்மையார் உட்கார்ந்தும் எழுந்தும் வந்து சேர்ந்தார். அந்த நீர் முருகன் திருமேனியில் விழுந்தபின் சாத்திய சந்தனம் துளியும் நழுவாமல் நின்றது.

இளைப்பு அவரை விட்டுப் போகவில்லை. ஆனால் அதுமுதல் அந்த மலையில் செவ்வாய்ப் பூசைக்கு மணி பார்ப்பதில்லை, அம்மையார் வரும் வழியைத்தான் பார்ப்பார்கள். ஆண்டவனையே காத்திருக்க வைத்த அந்த எளிய அடியாரின் பாதங்களுக்கு நம் வணக்கம்.